தைச் சருகும் பங்குனித் தீயும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, பொங்கல் விழாவுக்காகப் பெங்களூரின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'மாறிவரும் காலநிலையில் காட்டையும் மக்கள் உடல்நலத்தையும் காக்கத் துணை நிற்பது நவீன அறிவியலா, பழங்குடியினரின் பட்டறிவா?' இதுதான் இன்றைய தலைப்பு. பட்டறிவே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டார். "காட்டுக்குத் தீ வைக்கிறவர்களிடமே காட்டை ஒப்படைக்கச் சொல்கிறீர்களா?" என்றார். நல்ல கைதட்டல் வந்தது. மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம் ஐயா, அந்தத் தீயிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து தெற்கே சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் சோலிகர். சத்தியமங்கலம் பக்கம் நாம் சோளகர் என்று சொல்கிறோமே, அதே மக்கள். அவர்கள் வைத்த தீக்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. பெயரைக் கவனியுங்கள் ஐயா. காட்டு நெருப்பு என்று அவர்கள் சொல்லவில்லை, சருகு நெருப்பு என்கிறார்கள். எது எரிய வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

அதற்குக் காலம் ஜனவரி, பிப்ரவரி. நாம் போகி கொளுத்திப் பொங்கல் வைக்கிற இதே தை மாதம். இலை அப்போதுதான் உதிர்ந்திருக்கும். மேல்சருகு காய்ந்திருக்கும், அடிச்சருகில் ஈரம் இருக்கும், புல்லின் அடித்தண்டில் பச்சை மிச்சமிருக்கும். இரவில் பனி இறங்கும். இந்த நிலையில் வைக்கிற தீ முழங்கால் உயரத்துக்குமேல் எழாது. தரையை நக்கிக்கொண்டு போகும், ஈரத்தையோ தடத்தையோ கண்டால் படுத்துவிடும். பெரிய மரத்தின் பட்டை கருகும், மரம் சாகாது. லண்டானா என்கிற உண்ணிச்செடி, வெளிநாட்டிலிருந்து வந்து காட்டை அடைக்கிற புதர், அதன் முளைவிட்ட கன்றுகளும் சருகோடு சேர்ந்து எரிந்துபோகும். மழை வந்ததும் அங்கே புதுப் புல் வரும், மானும் காட்டெருமையும் மேய வரும்.

அதே தீயைப் பங்குனி சித்திரைக்குத் தள்ளிப் போடுங்கள். அடிச்சருகுவரை முறுகிக் கிடக்கும், மதியக் காற்று அடிக்கும். நடுவில் உண்ணிச்செடிப் புதர் ஆள் உயரத்துக்கு ஏணி மாதிரி நிற்கும். தரையில் பிடித்த தீ அந்த ஏணியில் ஏறி மரத்தலையைத் தொடும். பிறகு ஹெலிகாப்டர்தான் வர வேண்டும். 2019 பிப்ரவரிக் கடைசியில் பந்திப்பூர்க் காட்டில் பத்தாயிரம் ஏக்கருக்குமேல் எரிந்ததே, விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியதே, இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க முடியாது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் பிலிகிரிரங்கன் மலை சரணாலயம் ஆனது. சருகு நெருப்பு குற்றமானது. நல்ல எண்ணத்தில்தான் நிறுத்தினார்கள், மறுக்கவில்லை. அதன் பிறகு நடந்ததை எதிரணி மதிக்கிற அறிவியலே அளந்து வைத்திருக்கிறது. 1997இல் அந்த மலையில் ஆய்வுக்காகப் பிரித்த கட்டங்களில் 41 சதவீதத்தில் உண்ணிச்செடி இருந்தது. 2008இல் அதே கட்டங்களுக்குத் திரும்பப் போனார்கள். 81 சதவீதம். பதினொரே ஆண்டில் இரட்டிப்பு! நெருப்பை நிறுத்தியது ஒன்றே காரணம் என்று நான் வாதாட மாட்டேன். மரம் வெட்டி வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் அது பரவும், பழத்தைத் தின்ற பறவையே விதையைக் கொண்டுபோய்ப் போடும். ஆனால் "சருகு நெருப்பு நின்ற பிறகுதான் இந்தச் செடி எங்களை மீறிப் போனது" என்று சோலிகப் பெரியவர்கள் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நெல்லிமரத்தையும் பாருங்கள். காட்டு நெல்லி குறைகிறது என்றதும் பழி பறிப்பவர்கள்மேல் விழுந்தது. சோலிகர் மரக்கிளையைக் காட்டினார்கள். கிளை முழுக்கப் புல்லுருவி. அதை 'உப்பிலு' என்கிறார்கள். தீயும் புகையும் நின்றுபோனதால் அது பெருகிவிட்டது, மரத்தின் சாற்றை அதுதான் உறிஞ்சுகிறது என்றார்கள். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள், புல்லுருவி பிடித்த நெல்லிமரங்கள் அதிகம் பட்டுப்போவது தெரிந்தது. 2010இல் ஆய்விதழிலேயே வந்த செய்தி இது. அளந்தது விஞ்ஞானிதான். ஆனால் எதை அளக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டிய கை யாருடையது, நடுவர் ஐயா?

"அப்படியானால் நாளைக்கே தீப்பெட்டியைக் கொடுத்துவிடலாமா?" என்று எதிரணி கேட்கலாம். கூடாது. சோலிகரே வேண்டாம் என்பார்கள். இவ்வளவு உண்ணிச்செடி அடர்ந்துவிட்ட காட்டில் தையில் வைத்தாலும் தீ மேலே ஏறிவிடும். முதலில் புதரை எடுக்க வேண்டும். அதிலும் தவறு நடக்கிறது. தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். காய் பழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். முதல் மழைக்குப் பிறகு, பறவை உட்காரும் மரங்களுக்கு அடியில் முளைக்கிற கன்றுகளைக் கையாலேயே பிடுங்க வேண்டும். அந்த வெறும் நிலத்தில் உள்ளூர்ப் புல் பிடிக்காவிட்டால் இரண்டு மூன்று ஆண்டில் பழைய கதைதான். அதற்குப் பிறகுதான் சருகு நெருப்பு. வெட்டிய குச்சியும் வீணில்லை. 2024இல் நம் லால்பாக் பூங்காவில் ஆளுயரத்துக்குமேல் யானைகள் நின்றனவே, அவை உண்ணிச்செடிக் குச்சியில் நீலகிரிப் பழங்குடியினர் முடைந்தவை.

இது ஒரு மலையின் கதை மட்டும்தானா? ஆஸ்திரேலியாவின் வடக்கே மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தில் பழங்குடிகள் வறண்ட பருவம் தொடங்கும்போதே, நிலம் ஈரமாக இருக்கையில், திட்டுத் திட்டாகத் தீ வைக்கிறார்கள். பின்பருவத்தில் வரும் பெருந்தீ அந்தத் திட்டுகளில் முட்டி நின்றுவிடுகிறது. பெருந்தீ குறைந்தால், பூமியைச் சூடாக்கும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைவாக வெளியேறும். 2006இல் போட்ட ஒப்பந்தப்படி ஒரு எரிவாயு ஆலை இந்த வேலைக்காக ஆண்டுக்குப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்குச் சமமானதைக் குறைப்பது இலக்கு. அங்கே ஊதியம் கொடுக்கிற வேலைக்கு இங்கே வழக்குப் போடுகிறோம்.

செயற்கைக்கோள் இருக்கிறது என்றார் எதிரணித் தங்கை. இருக்கட்டும், வேண்டியதுதான். தீ பிடித்ததை அது சொல்லும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் மார்கழிக் கடைசிவரை இழுக்கிறது, இன்னொரு வருடம் ஐப்பசியிலேயே நின்றுவிடுகிறது. 'ஜனவரி 15 முதல் 30 வரை' என்று நகரத்து அலுவலகத்தில் எழுதிய தேதி ஒரு வருடம் ஈரத்தில் அணையும், மறு வருடம் காட்டையே கொளுத்தும். அந்த வருடத்துச் சருகைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்து, அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம், நாளை மறுநாள் காலை என்று சொல்ல அங்கேயே ஆள் வேண்டும். காலநிலை மாற மாற, அந்த ஆளின் மதிப்பு கூடுகிறது.

அடுத்து உடல்நலம். "பாம்பு கடித்தால் பச்சிலையா தேடுவீர்கள்?" என்றார்கள். தேட மாட்டோம், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாவதாக ஆய்வு சொல்கிறது, இதில் விளையாட்டே கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற நஞ்சுமுறி மருந்து எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நஞ்சு போகிறது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்று, பிழைப்பு போன மக்கள் அவர்கள். வரப்பில் கிடக்கும் தடத்தையும் சட்டையையும் எச்சத்தையும் பார்த்தே எந்தப் பாம்பு, எந்த வளை என்று சொல்வார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கும் பிடிபடும். அடியில் மணல் போட்ட மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். சுமார் நான்கு வாரம், அதற்குள் நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சிறு வெட்டு ஒன்று வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த வெட்டோடு மறுபடி அகப்பட்டால் தொட மாட்டார்கள். எடுத்த நஞ்சு உறைந்து பொடியாகி, குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏறி, அதன் ரத்தத்திலிருந்துதான் நம் ஊசி வருகிறது. 2023இல் அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது அரசு. இந்த மருந்தை எதிரணி தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது ஐயா.

ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் காட்டு மருந்தில் தீர்வு இல்லை. 1952இல் இந்தியாவில் அது முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ரத்தப் பரிசோதனையும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தும் வேண்டும், மருத்துவர் வேண்டும். ஆனால் அந்த நோயாளிக்கு வலி எப்போது பிடிக்கிறது? உடலில் நீர் வற்றும்போது, வெயிலில், ஓய்வில்லாத வேலையில். நிலம் கையில் இல்லாமல் வெயிலில் கூலிக்குப் போகிறவரிடம் "நிறையத் தண்ணீர் குடி, வெயிலில் நிற்காதே" என்று மருந்துச்சீட்டில் எழுதி என்ன பயன்? சாப்பாடும் அப்படித்தான். மலையில் காடு திருத்திப் பயிரிட்ட புனத்தில் கேழ்வரகோடு அவரையும் கீரையும் கலந்து விளைந்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் சுண்ணாம்புச் சத்து, தீட்டிய அரிசியில் பத்துகூட இல்லை. புனம் போய் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியதன் விலை எலும்பில் தெரிகிறது.

இன்னொரு விஷயம். 'உலகப் பல்லுயிரில் 80 சதவீதம் பழங்குடி நிலத்தில்தான்' என்று எங்கள் அணியில் ஒருவர் சொன்னார். அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்று 2024இல் ஆய்வாளர்களே காட்டிவிட்டார்கள், அதை நான் திரும்பப் பெறுகிறேன். அது இல்லாமலே வழக்கு நிற்கும். 87 நாடுகளில், பூமியின் நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல், பழங்குடியினரின் உரிமையிலோ பராமரிப்பிலோ இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். 2006 வன உரிமைச் சட்டம் சமுதாயக் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுத்தது. பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமான 2011லேயே 25 கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமையும் கிடைத்தது. ஆனால் பல இடங்களில் அந்த உரிமையைக் கேட்கும் மனு எங்கே அடிபடுகிறது தெரியுமா? சபையை அவர்கள் குடியிருப்பான 'போடு'வில் கூட்டாமல் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டுவார்கள், பாதிப் பேர் வர மாட்டார்கள், கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை இருக்காது. செயற்கைக்கோள் படம் இல்லை என்று மனுவைத் தள்ளுவார்கள். பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்று என்று விதியிலேயே இருக்கிறது. தள்ளினால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதமே வராமல் நாள் கடந்து போகிறது.

நடுவர் ஐயா, இன்று தை. மலையில் இலை உதிர்ந்துகொண்டிருக்கிறது, இரவில் பனி இறங்குகிறது. மாசி பாதி தாண்டினால் இந்த ஆண்டுக்கான சருகு நெருப்புக் காலம் முடிந்துவிடும். அந்த மலையில் சருகைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீர்ப்பை அவர்கள் பக்கம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.