பூக்காரம்மா முழமும் ஓட்டக்காரர் வாட்ச்சும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். ஒரு அம்மாவின் முழம் தாராளமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முழம் கொஞ்சம் குட்டை. ஆனால் ஒரே அம்மாவிடம் தினமும் வாங்கினால் கணக்குத் தப்பாது. அவர் கை மாறப்போவதில்லை. ஓடும்போது கட்டுகிற ஜி.பி.எஸ். வாட்ச்சையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அளவு சரியா என்பது அப்புறம். அளவு நாளுக்கு நாள் மாறுகிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பூங்காவில் ஓடி முடித்ததும் எல்லோரும் மணிக்கட்டை நீட்டுவார்கள். ஒருவருக்கு 10.02 கிலோமீட்டர், இன்னொருவருக்கு 10.19. உடனே 10.02 காட்டியது நல்ல வாட்ச் என்று முடிவாகிவிடும். ஓடியது 10 கிலோமீட்டர்தான் என்று யார் அளந்தது? பெரும்பாலும் இன்னொரு வாட்ச், அல்லது போன். ஒரு முழத்தை இன்னொரு முழத்தால் அளக்கிறோம்.

இதில் இன்னொரு மோசம் உண்டு. செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்தே வாட்ச் இடம் கண்டுபிடிக்கிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். அதனால் நேர் ரோட்டில் புள்ளிகள் இடமும் வலமுமாக ஆடும்; தூரம் கூடும். வளைவில் வாட்ச் கோட்டை மழுக்கிக் குறுக்கே வெட்டும், தூரம் குறையும். இந்தக் கூடுதலும் அந்தக் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் மொத்தம் அழகாக 10.00 என்று வந்துவிடும். மேப்பைத் திறந்தால் கோடு அடுத்த தெருவில் ஓடியிருக்கும். மொத்தம் சரியாக வந்தது அளவு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? கண்டீரவா ஸ்டேடியம் மாதிரி 400 மீட்டர் ட்ராக்கில் அனுமதி கிடைக்கும் நேரத்தில் போங்கள். முதல் லேனில், உள் விளிம்பிலிருந்து ஒரு ஸ்கேல் நீளம், அதாவது 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடினால்தான் 400 மீட்டர். இரண்டாவது லேனில் ஒரு சுற்று 407 மீட்டர். எட்டாவது லேனில் 453. இரண்டாவது லேனிலேயே 25 சுற்று ஓடிவிட்டு, வாட்ச் 10.18 காட்டுகிறது, கூட்டிக் காட்டுகிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்த வாட்ச் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

முந்தின இரவே வாட்ச்சை போனோடு இணைத்து சிங்க் செய்யுங்கள். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற கணிப்பு அப்போதுதான் வாட்ச்சுக்குள் இறங்கும். காலையில் திறந்த வானத்தின் கீழே நில்லுங்கள். வாட்ச் தயார் என்று காட்டியதும் பாயாதீர்கள். இன்னும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பொறுங்கள். நாலு செயற்கைக்கோள் பிடித்தாலே தயார் என்று சொல்லிவிடக்கூடும். கூடுதலாகச் சேரச் சேரத்தான் இடம் நிலைக்கும். செட்டிங்ஸில் விநாடிக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். ட்ராக்கில் ஓடுவதற்கென்று வாட்ச்சில் இருக்கும் ட்ராக் மோடு வேண்டாம். அது நீங்கள் ஓடும் லேனுக்கு ஏற்பக் கோட்டை இழுத்து உட்கார வைத்துவிடும், சோதனைக்கே அர்த்தம் இருக்காது.

இப்போது பத்துச் சுற்று. ஒவ்வொரு முறையும் அதே கோட்டில், ஒரு சுற்று முடிந்ததைப் பதியும் லேப் பட்டனை அழுத்துங்கள். கிலோமீட்டருக்கு 5 நிமிட வேகத்தில் விநாடிக்கு மூன்றே கால் மீட்டருக்கு மேல் கடக்கிறோம், ஆகவே அரை விநாடி தாமதித்து அழுத்தினாலே ஒன்றரை மீட்டர் போய்விடும். இரண்டு மீட்டர் வித்தியாசத்தை வாட்ச் தலையில் கட்டாதீர்கள், அது விரலின் கணக்கு. இதையே வேறு இரண்டு நாள் செய்யுங்கள், வேறு வேறு நேரத்தில். அதே ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடங்களுக்கு வந்துவிடுகின்றன. தினமும் காலை ஆறு மணிக்கே சோதித்தால் ஏறக்குறைய ஒரே வானத்தைத்தான் சோதிக்கிறீர்கள்.

ட்ராக் இல்லாதவர்கள் சைக்கிளால் அளக்கலாம். 50 மீட்டர் இரும்பு டேப்பை நேரான ரோட்டில் விரித்து, நீங்கள் ஏறி உட்கார்ந்தபடி உருட்டி, முன் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காற்றடிக்கும் வால்வை வைத்து எண்ணுங்கள். ஆள் ஏறாமல் உருட்டினால் டயர் அமுங்காது, கணக்குத் தவறும். அதே காலையிலேயே ரோட்டையும் அளந்துவிடுங்கள், வெயில் ஏறினால் டயர் உப்பும். போட்டிப் பாதைகளையும் சைக்கிளில்தான் அளக்கிறார்கள், சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்தி.

ஒரு கணக்குச் சொல்கிறேன், மனதிலேயே போட்டுப் பாருங்கள். அளந்த 1,000 மீட்டரில் ஒரு வாட்ச் 1,010, 1,012, 1,009 என்று காட்டுகிறது. இன்னொன்று 985, 1,030, 1,000. சராசரி பார்த்தால் இரண்டாவதுதான் ஆயிரத்துக்குப் பக்கம். நான் முதலாவதைத்தான் வாங்கச் சொல்வேன். நூற்றுக்கு ஒன்று கூட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். 6 நிமிட வேகத்தில் அது கிலோமீட்டருக்கு மூன்றரை விநாடி. இரண்டாவதில் எதைக் கழிப்பது? பூக்காரம்மா முழம் மாறக்கூடாது, அவ்வளவுதான்.

மரமும் கட்டடமும் அடுத்தது. எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ பாலம் பாதி வானத்தை மறைக்கிறது. கண்ணாடிக் கட்டடங்களில் அலை பட்டுத் தெறித்து வருகிறது. வாட்ச் அந்த எதிரொலியை நிஜம் என்று நம்பி உங்களை எதிர்ப்பக்கத்தில் நிறுத்துகிறது. டூயல் பேண்ட், அதாவது இரண்டு அலைவரிசை என்று விற்பது இதற்குத்தான். வழக்கமான எல்1 அலையோடு எல்5 அலையையும் வாங்கும். எல்5-இன் குறியீடு பத்து மடங்கு வேகமாகத் துடிப்பதால் எதிரொலியைப் பிரித்தெடுப்பது எளிது. ஜி.பி.எஸ். மாதிரி நம் நாட்டுக்கென்று உள்ள நேவிக் செயற்கைக்கோள்களும் எல்5-இல் அனுப்புகின்றன. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்-01 என்ற நேவிக் செயற்கைக்கோள் எல்1-இலும் அனுப்பும்படி செய்யப்பட்டது. உங்கள் வாட்ச் நேவிக்கை வாங்குமா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். அல்சூர் ஏரியைச் சுற்றி மட்டும் ஓடுகிறவருக்கு டூயல் பேண்டுக்காகக் கூடுதல் பணம் அவசியமில்லை என்பது என் கருத்து. நகரின் நடுவே ஓடுகிறவருக்கு அவசியம்.

போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2008-இல் தொடங்கிய நம் ஊர் வேர்ல்ட் 10கே என்ற 10 கிலோமீட்டர் ஓட்டம் முடிந்ததும், பாதை நீளம் என்று பலர் கோபப்படுகிறார்கள். முறைப்படி அளக்கும் பாதையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றே சேர்ப்பார்கள், 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர். அளக்கிறவர் வளைவில் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டரில் போகிறார். நாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளிப்பக்கமாகப் போகிறோம். வாட்ச்சில் 10.15 வந்தால் அதில் பெரும்பகுதி நம் கால் போட்ட வட்டமும் வாட்ச்சின் ஆட்டமும்தான். வாட்ச் தானாகவே கிலோமீட்டரைப் பதியும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, கிலோமீட்டர் பலகை வரும்போது நீங்களே அழுத்துங்கள். நொடிக்கு நொடி மாறும் பேஸை, அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கைப் பார்க்காதீர்கள், அந்த லேப்பின் சராசரி பேஸைப் பாருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். இதயத் துடிப்பு: மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். மெல்ல ஓடத் தொடங்கியதுமே 175 காட்டினால், வாட்ச் உங்கள் காலடியை எண்ணுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். வேகப் பயிற்சிக்கு மார்புப் பட்டைதான் நம்பகம். ஏற்றம்: காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் வாட்ச், மழை திரண்டு அழுத்தம் இறங்கினால் நீங்கள் மேடேறியதாக எழுதிவிடும். பக்கவாட்டில் உள்ள சின்ன ஓட்டைகளில் வியர்வை உப்பு அடைத்தாலும் இதே கோளாறு. ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஊசி விட்டுக் குத்தாதீர்கள். பேட்டரி: பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு எந்த மோடுக்கு என்று கேட்டு வாங்குங்கள், டூயல் பேண்ட் போட்டால் அது வெகுவாகக் குறையும்.

வணக்கம்.