300 ஓம் ஹெட்போன் ஃபோனில் பாடுமா? ஒரு மல்டிமீட்டர் சொன்ன பதில்

[திரையில்: மேசை மேல் கறுப்பு ஹெட்போன். பக்கத்தில் கட்டைவிரல் நீள டாங்கிள், சிறிய டியூப் ஆம்ப், மஞ்சள் மல்டிமீட்டர்]

இந்த ஹெட்போன் சென்ஹைசர் எச்டி 650. 2003-இல் வந்த மாடல், இன்றைக்கும் விற்கிறது. இதை வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன ஆம்ப் வச்சிருக்கீங்க?" கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "சார், இது 300 ஓம். ஃபோன்ல போட்டா சத்தம் வரும், ஆனா பாடாது. ஆம்ப் இல்லாம வாங்கினா காசு தண்டம்."

ஓம் என்றால் மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு. நம்பினேன். ஹெட்போன் விலைக்குக் கிட்டத்தட்ட சமமான விலையில் ஒரு டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களை வைத்து ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கினேன். முதல் நாள் ராத்திரி ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். முதலில் டாங்கிள் (ஃபோனில் செருகி ஹெட்போனை மாட்டும் குட்டிக் கருவி) வழியாக, அப்புறம் ஆம்ப் வழியாக. ஆம்புக்கு மாற்றியதும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், கனத்த நாதம் தரும் பக்கம், நன்றாகத் திரண்டு வந்தது. பாடகர் ஒரு அடி முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான் என்று மூன்று வாரம் நண்பர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான்காவது வாரம் மல்டிமீட்டரை எடுத்தேன்.

[திரையில்: இரட்டைச் சாக்கெட்டில் ஹெட்போன் ஒரு பக்கம், மல்டிமீட்டர் முனைகள் மறுபக்கம்]

செய்தது சின்ன வேலைதான். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே அதற்கு எத்தனை வோல்ட் போகிறது என்று அளந்தேன். டாங்கிளில் நான் வழக்கமாகக் கேட்கும் அளவில் 200 மில்லிவோல்ட். டியூப் ஆம்பில், என் காதுக்கு "அதே சத்தம்" என்று தோன்றும் இடத்தில் குமிழை நிறுத்தி அளந்தால் 240. ஒன்றரை டெசிபல் அதிகம். இந்த அளவு வித்தியாசம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது, தரமாகத் தெரியும். கூடுதல் தெளிவு, கூடுதல் நெருக்கம், கூடுதல் பேஸ் என்றுதான் மூளை கணக்கு எழுதும். நம் காது தாழ்ந்த ஒலியில் பேஸைக் குறைவாகக் கேட்கும், ஒலி ஏற ஏற அது நிரம்பி வரும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை வளைகோடுகளாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

சரி, குமிழைக் கொஞ்சம் குறைத்து இரண்டையும் 200 மில்லிவோல்ட்டில் நிறுத்தினேன். மறுபடி அதே கச்சேரி. பாடகர் பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார். ஆனால் தொப்பி மட்டும் இன்னும் ஆம்பில் ஒரு சொட்டு கனமாகத்தான் இருந்தது. அது பிரமை இல்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த 300 ஓம் பயத்தைத் தீர்த்துவிடலாம்.

ஒரு ஹெட்போனை ஓட்டுவது கஷ்டமா சுலபமா என்று ஓம் எண் மட்டும் சொல்லாது. ஓம் அதிகம் என்றால் வோல்ட் அதிகம் கேட்கும், கரண்ட் குறைவாக எடுக்கும். ஓம் குறைவு என்றால் நேர் எதிர். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது சென்சிடிவிட்டி என்கிற இன்னொரு எண். எச்டி 650-க்கு நிறுவனம் தரும் கணக்கு, 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். சாதாரண டாங்கிள்கள் பல 1 வோல்ட்வரை தரும். அதாவது இந்தக் குட்டிப் பொருளை முழுதாகத் திருகினால் 103 டெசிபல்வரை போகலாம். அதற்குச் செலவாகும் மின்சாரம் 3.3 மில்லிவாட். நினைத்துப் பாருங்கள், 3.3 மில்லிவாட்! இதற்குத்தான் நான் இட்லிப்பானை அளவு சூடாகும் ஒரு ஆம்பை மேசையில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஹைஃபைமேன் எச்இ-6 என்ற பிளேனார் ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 50 ஓம். கடைக்காரர் கணக்குப்படி இது எச்டி 650-ஐ விட ஆறு மடங்கு சுலபமாக ஓட வேண்டும். ஆனால் இதன் சென்சிடிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்றால் எச்டி 650-க்கு சுமார் 17 மில்லிவாட் போதும், இதற்குக் கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேண்டும். ஆட்கள் இதை ஸ்பீக்கர் ஆம்பிலேயே கோத்துக் கேட்டார்கள். இங்கே ஆம்ப் கேட்பது ஆடம்பரம் இல்லை, நிஜத் தேவை.

[திரையில்: மெல்லிய படலத்தின் மேல் கம்பித் தடங்கள், இரண்டு பக்கமும் காந்தங்கள்]

பிளேனார் என்றால் என்ன என்று ஒரு வரியில்: சாதாரண டிரைவரில் (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் பகுதி அது) கூம்பு மாதிரியான படலமும் அதன் பின்னால் சுருளும் இருக்கும். பிளேனாரில் சுருளே கிடையாது, மெல்லிய படலத்தின் மேலேயே கம்பித் தடம் ஓடும். ஸ்டாக்ஸ் மாதிரி எலெக்ட்ரோஸ்டேடிக் வகை இன்னொரு உலகம். அதன் படலத்தில் நிலையாக ஏற்றிவைக்க 580 வோல்ட் (பயாஸ் என்பார்கள்) தரும் தனி ஆம்ப் இல்லாமல் சத்தமே வராது. அதை இன்றைக்கு விட்டுவிடுவோம்.

இப்போது அந்தத் தொப்பிக்கு வருகிறேன்.

அதே டோனை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றி மறுபடி அளந்தேன். டாங்கிளில் அதே 200 மில்லிவோல்ட். டியூப் ஆம்பில் குமிழைத் தொடவே இல்லை, ஆனால் மீட்டர் 222 காட்டியது. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபல் தானாக ஏறியிருக்கிறது. மிருதங்கத் தொப்பியின் கனமும் ஆண் குரலின் அடிப்பகுதியும் இருக்கும் வட்டாரம் இதுதான்.

காரணம் ஆம்பில் பாதி, ஹெட்போனில் பாதி. 300 ஓம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இந்த ஹெட்போன் எல்லா இடத்திலும் 300 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓம் அளவுக்கு மேடு கட்டி நிற்கும். டிரைவரின் படலம் இயல்பாக ஆட விரும்பும் வேகம் அது. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் விரலால் தொட்டாலே போதும், இல்லையா? அதே மாதிரி அந்த இடத்தில் படலம் தானாக வீசி ஆடும். படலத்தோடு சேர்ந்து காந்தத்துக்குள் ஆடும் சுருள் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்டைத் தடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஓம் ஏறியது போல இருக்கும்.

இனி ஆம்ப் பக்கம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டியூப் ஆம்ப் இது. இந்த வகையில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் ஒலியை வெளியே அனுப்பும் இடத்தில் இருக்கும் தடை, 100 ஓமுக்கு மேல் இருப்பது சகஜம். என்னுடையது 120. ஹெட்போனும் இந்த 120 ஓமும் வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஹெட்போன் 300 ஓமாக இருக்கும் இடத்தில் அதற்கு 71 சதவீதப் பங்கு, 500 ஓமாக இருக்கும் இடத்தில் 81 சதவீதம். அந்தப் பங்கு வித்தியாசம்தான் ஒரு டெசிபல். டாங்கிளின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஒரு ஓம் அளவுதான் என்பதால் அதில் இந்தப் பேரமே நடக்காது.

டியூப் ஆம்ப் "வார்மாக" இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த எளிய வகுத்தல் கணக்குதான் என்பது என் எண்ணம். டியூபின் ஹார்மானிக் டிஸ்டார்ஷனுக்கும் (டியூப் தானாகச் சேர்க்கும் கூடுதல் ஒலிகள்) பங்கு உண்டு, ஆனால் என் ஆம்பில், நான் கேட்கும் அளவில், அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க என்னால் முடியவில்லை.

இதே ஆம்பில் 37 ஓம் சுந்தராவை மாட்டினால் என்ன ஆகும்? ஹைஃபைமேனின் பிளேனார் அது. இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு. அதனால் ஒலியின் நிறம் மாறாது. ஆனால் வோல்ட்டில் கால் பங்குகூட ஹெட்போனுக்குப் போய்ச் சேராது, மீதி ஆம்பிலேயே வீணாகும். கரண்ட் கேட்கும் ஆளிடம் வோல்ட் மட்டும் வைத்திருப்பவர் போய் நின்ற கதை. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற மிகச் சிறிய டிரைவர் வைத்த பல இயர்போன்களில் இன்னும் மோசம். அவற்றின் ஓம் மேலும் கீழும் தாறுமாறாக ஓடும், ஒலியே அடையாளம் தெரியாமல் போகும். போதாததற்கு அவற்றின் சென்சிடிவிட்டி அதிகம் என்பதால் ஆம்பின் உஸ்ஸென்ற இரைச்சலும் காதில் விழும். ஆம்பின் ஓம் ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. என் ஆம்ப் அந்தத் தேர்வில் ஃபெயில்.

அப்படியென்றால் எச்டி 650-க்கு ஆம்பே வேண்டாமா? இரண்டு இடத்தில் வேண்டும். மெல்லிய ஒலியில் மாஸ்டர் செய்த, அதாவது இறுதிப் பிரதி எடுத்த, பதிவுகள் ஒன்று. இன்னொன்று ஈக்வலைசர். இந்த ஹெட்போனுக்கு நடுப்பகுதிதான் உயிர்: குரல், வயலின், வீணை எல்லாம் இயல்பாக நிற்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும், தவிலின் வயிற்றைக் குத்தும் அடி இதில் இல்லை. அதை ஈக்வலைசரில் 6 டெசிபல் ஏற்றினால், கிளிப் ஆகாமல் (ஒலியின் உச்சம் வெட்டுப்படாமல்) இருக்க மொத்த ஒலியை 6 டெசிபல் இறக்க வேண்டும். இறக்கியதை ஈடுகட்ட இரண்டு மடங்கு வோல்ட் வேண்டும். அங்கே 1 வோல்ட் டாங்கிள் மூச்சு வாங்கும். விலை குறைந்த, டியூப் இல்லாத சாலிட் ஸ்டேட் ஆம்ப் ஒன்றே இதற்குத் தாராளம்.

எந்த ஆம்பாலும் மாற்ற முடியாதவையும் உண்டு. இதன் இசைமேடை, அதாவது ஒலிகள் பரந்து நிற்பதாகத் தோன்றும் இடம், குறுகலானது; இடம், நடு, வலம் என்று மூன்று திட்டாகத்தான் கேட்கும். எத்தனை ஆயிரம் கொடுத்து ஆம்ப் வாங்கினாலும் அது அகலமாகாது. திறந்த கூடு என்பதால் வெளிச் சத்தமும் அப்படியே உள்ளே வரும். என் அறையில் மே மாதம் ஃபேனை ஐந்தில் வைத்தால் தம்புரா எது, ஃபேன் எது என்று தெரியாது. நான் ஃபேனை இரண்டில் வைத்து வியர்த்துக்கொண்டே கேட்ட ராத்திரிகளில்தான் இந்த ஹெட்போன் மிக நன்றாகப் பாடியிருக்கிறது.

[திரையில்: தட்டையாகிப்போன பழைய இயர் பேடும் புதியதும் அருகருகே]

அப்புறம் இதையும் பாருங்கள். இடது பக்கம் இருப்பது மூன்று வருடம் தேய்ந்த பேடு. பஞ்சு அமுங்கியதில் டிரைவர் காதுக்கு நெருங்கிவிட்டது, ஒலியும் மாறிவிட்டது. புதுப் பேடு போட்ட அன்று நான் கேட்ட வித்தியாசம், டாங்கிளுக்கும் ஆம்புக்கும் நடுவே கேட்டதைவிடப் பெரிது. விலையோ ஆம்பில் ஒரு சின்னப் பங்கு.

டியூப் ஆம்பை விற்றுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த ஒரு டெசிபல் தொப்பி எனக்குப் பிடித்திருக்கிறது. ஈக்வலைசரில் இலவசமாக வரும் என்று தெரிந்தும்தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், இதோ, இப்படி எரியும்.

[திரையில்: இருட்டில் டியூபின் செம்மஞ்சள் ஒளி. ஒலி மெல்ல அடங்குகிறது]