தையல் பிரித்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் அறுவை சிகிச்சை வார்டுகளில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஆபரேஷன் அன்று இருக்கிற பயம், தையல் பிரித்ததும் பலருக்குப் பறந்துவிடுகிறது. காட்பாடியில் ரயிலேறி ஊருக்குப் போனதுமே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடுகிறார்கள். மூடியிருப்பது மேல்தோல்தான். மூன்று வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் கால்பங்கு வந்திருந்தாலே அதிகம். மூன்று மாதமானாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது.

குடியாத்தத்தில் என் நாத்தனாருக்கு சிசேரியன் ஆகி ஒன்பதாம் நாள் பார்க்கப் போனேன். புடவையை விலக்கிக் காட்டினாள். தையல் முழுக்க மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அப்பியிருந்தது. "அம்மா போட்டாங்க அண்ணி" என்றாள். மஞ்சள் நல்லதுதானே என்பீர்கள். குழம்பில் நல்லது. இங்கே, சுற்றிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து மெல்லத் துடைத்தேன். இடது ஓரத்தில் சிவப்பு, வீக்கம், தொட்டால் சூடு. அன்றே டாக்டரிடம் போனதால் மாத்திரையோடு போயிற்று.

சிவப்பு பரவினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, தையல் வாய் பிளந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பெரும்பாலான தையல்களில் 48 மணி நேரத்துக்குப் பிறகு தண்ணீர் படலாம். உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் மேலே வழிந்தால் போதும், தேய்க்க வேண்டாம். ஒற்றி உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் தொப்பை மடிப்பில் வேர்வை தேங்கும், அங்கே ஈரம் நிற்கவே கூடாது. கிணறு, ஏரிக் குளியல் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் பத்தியம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை ஒதுக்கினால் காயத்துக்கு நஷ்டமில்லை, நாக்குக்குத்தான். முட்டை, மீன், பருப்பை ஒதுக்கினால் காயத்துக்கே நஷ்டம். புதுத் திசு வளரப் புரதம் வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் எந்தக் களிம்பும் உதவாது.

தழும்புக்கு வருவோம். காயம் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகுதான் எதையும் பூச வேண்டும். சிலிக்கோன் ஜெல் அல்லது ஒட்டுகிற சிலிக்கோன் ஷீட், இரண்டு மூன்று மாதம் விடாமல். ஷீட் என்றால் தினம் 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். முகம், கை என்றால் வெயில் படாமல் மூடுங்கள். புதுத் தழும்பு வெயிலில் கறுத்துவிடும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசுவதை நான் சொல்லமாட்டேன். சிலருக்கு அதனாலேயே தடிப்பு வருகிறது. காது குத்திய இடத்திலோ நெஞ்சிலோ தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கீலாய்டு. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாத்தனாரின் தழும்பு ஆறு மாதம் கருஞ்சிவப்பாக அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது வெள்ளை நூல் மாதிரி கிடக்கிறது. அந்த இடது ஓரம் மட்டும் கொஞ்சம் தடிப்பு.