சப்பீராள் செத்தாள், சிப்பிராள் தழைத்தாள்: ரெண்டு பேரும் சொன்னது பொய்தான்!

[திரையில் இரண்டு பெயர்கள்: சப்பீராள், சிப்பிராள்]

இந்த ரெண்டு பெயரையும் பாருங்கள். அக்கா தங்கச்சி மாதிரி இருக்கிறதா? ரெண்டு பேரும் பைபிளில் வருகிறவர்கள், ரெண்டு பேரும் பொய் சொன்னவர்கள். முதல் ஆள் சொன்னது ஒரே ஒரு வரிப் பொய். சொன்ன இடத்திலேயே விழுந்து உயிர் போய்விட்டது. இரண்டாவது ஆள் எகிப்து ராஜாவின் முகத்துக்கு நேரே புளுகினாள். அவள் குடும்பம் தழைத்தது என்று வேதமே எழுதி வைத்திருக்கிறது.

ஒரே புஸ்தகம், ஒரே கடவுள். ஒருத்திக்குச் சாவு, ஒருத்திக்கு ஆசீர்வாதம். இது என்ன கணக்கு?

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். சேனலுக்குப் புதுசாக வந்தவர்கள் சப்ஸ்க்ரைப் செய்துவிடுங்கள். ‘அப்புறம் பண்றேன்’ என்று சொல்லாதீர்கள். இன்றைய தலைப்பே பொய்தான், மாட்டிக்கொள்வீர்கள்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். பத்துக் கட்டளையில் பொய்யைப் பற்றி வருவது யாத்திராகமம் 20:16: ‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.’ கோர்ட்டுக் கூண்டில் நின்று அடுத்தவன் தலையை உருட்டுகிற பொய்தான் அதில் முதல் குறி. அப்படி மாட்டிக்கொண்டவனுக்கு, அவன் அடுத்தவனுக்கு வாங்கித்தர நினைத்த தண்டனையையே கொடுங்கள் என்கிறது உபாகமம் 19. சாதாரணப் பொய்யும் கூடாது என்று லேவியராகமம் 19 தனியாகச் சொல்கிறது. இயேசு இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார்: ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்.’ அவ்வளவுதான் பாடம். இப்போது கதைக்கு வருவோம்.

[திரையில்: அப்போஸ்தலர் 5]

எருசலேமில் சபை புதுசு. வசதியுள்ளவர்கள் நிலத்தையும் வீட்டையும் விற்று, அந்தப் பணத்தை அப்போஸ்தலர்களின், அதாவது இயேசு அனுப்பிய சீடர்களின், காலடியில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அனனியா, சப்பீராள் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர்களும் ஒரு காணியை விற்கிறார்கள். ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொண்டுவந்து, ‘முழுத் தொகையும் இதுதான்’ என்று காட்டுகிறார்கள்.

இங்கே அப்போஸ்தலர்களில் ஒருவரான பேதுரு கேட்ட கேள்வி முக்கியம். ‘அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ? அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?’ அதாவது, நிலம் உன்னுடையது, பணமும் உன்னுடையது. விற்கச் சொல்லி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ‘ஒரு பங்குதான் கொண்டு வந்திருக்கிறேன் ஐயா, பிள்ளை கல்யாணத்துக்குக் கொஞ்சம் வேண்டும்’ என்று சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. காணிக்கை குறைந்தது குற்றமே இல்லை.

அப்புறம் ஏன் பொய் சொன்னார்கள்? நாலாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனத்தை வாசியுங்கள், புரிந்துவிடும். சீப்புரு தீவைச் சேர்ந்த யோசே என்ற லேவியர் தன் நிலத்தை விற்று முழுப் பணத்தையும் கொண்டுவந்து வைத்தார். அப்போஸ்தலர்கள் அவருக்குப் பர்னபா என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், ஆறுதலின் மகன் என்று அர்த்தம். சபையில் அவ்வளவு பெயர். அதிகாரப் பிரிவுகளெல்லாம் 13-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அந்தப் பிரிவு வந்து இங்கே நடுவில் கோடு போட்டுவிட்டதால், ஆலயத்தில் நாலாம் அதிகாரத்தை ஒரு ஞாயிறும் ஐந்தாம் அதிகாரத்தை இன்னொரு ஞாயிறும் வாசித்துவிட்டுப் போகிறோம். சேர்த்து வாசித்தால் காரணம் பளிச்சென்று தெரியும். இவர்களுக்கு வேண்டியிருந்தது பர்னபாவின் பெயர். அதற்குக் குறைந்த விலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதை நம்ம ஊரில் எங்கே பார்க்கலாம் தெரியுமா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில்!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்து சபைகளில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், கால் கட்டிய கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு கட்டு முருங்கைக்காய் வருகிறது என்று வையுங்கள். சந்தையில் ஐம்பது ரூபாய் பெறும். ஒரு அண்ணாச்சி ‘ஐநூறு’ என்பார். எதிர்ப் பக்கத்திலிருந்து அவருடைய சகலப்பாடி ‘ஆயிரம்’ என்பார். பெண்கள் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உடனே ‘மூவாயிரம்!’ ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைதட்டல். முருங்கைக்காய் சாம்பாருக்குப் போய்விடும். மூவாயிரம் மட்டும் அடுத்த வருஷப் பண்டிகை வரைக்கும் சபைக் கணக்கு நோட்டில் ‘பாக்கி’ என்ற பெயரில் குடியிருக்கும். கோயில்பிள்ளை (கோயில் பணியாள்) வீட்டுக்கு வந்து கேட்டால், ‘அண்ணாச்சி வெளியூர் போயிருக்காவ’ என்று சின்னப் பிள்ளை வந்து சொல்லும்.

எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. சொன்ன தொகையை அன்றைக்கே எண்ணி வைக்கிறவர்கள்தான் அதிகம். பனை ஏறிப் பிழைத்த குடும்பங்கள் கைப்பிடி அரிசி ஒதுக்கிச் சபையை வளர்த்த ஊர் இது, மறக்கக் கூடாது. ஆனால் அந்த நோட்டில் பாக்கி இருக்கிறவர்கள் அனனியாவின் சொந்தக்காரர்கள். கமெண்டில் வந்து திட்டுவதற்கு முன்னால் பாக்கியைக் கட்டிவிட்டு வந்து திட்டுங்கள்.

இதே கதையில் இன்னொரு அழகு. பேதுரு சொன்னதைக் கேட்டதுமே அனனியா விழுந்து செத்துப்போனான். மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது தெரியாமல் சப்பீராள் உள்ளே வருகிறாள். பேதுரு அவளிடம், ‘நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள், எனக்குச் சொல்’ என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள்: ‘ஆம், இவ்வளவுக்குத்தான்.’

[திரையில்: ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசல்]

இந்தக் கேள்வியையும் இந்தப் பதிலையும் நீங்கள் எங்கோ கேட்டிருக்கிறீர்கள், இல்லையா? பத்திர ஆபீஸ்! கைமாறுகிற தொகை ஒன்று, பத்திரத்தில் எழுதுகிற தொகை ஒன்று. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆகவே வழிகாட்டி மதிப்பு (அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு) எவ்வளவோ அதை மட்டும் எழுதிவிட்டு, மீதியை மஞ்சள் பையில் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு முத்திரைத்தாள் செலவு மிச்சம், விற்கிறவருக்கு வருமான வரி மிச்சம். நிலம் விற்ற பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, மஞ்சள் பையும் பாட்டுக்குப் போகிறது.

‘இது எல்லோரும் செய்வதுதானே, ஊர் வழக்கம்’ என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்து, இரண்டு சாட்சிகளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்கிற பொய் அது. சாட்சிகள் ஆளைத்தான் அடையாளம் காட்டுகிறார்கள், விலையை அல்ல என்று ஒரு வக்கீல் வாதாடலாம். வாதாடட்டும். சப்பீராளுக்கு அந்த வக்கீல் கிடைக்கவில்லை.

நம்ம பக்கத்துச் சபை வரலாறே நிலத்தில்தான் தொடங்குகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1799-இல், அடித்து விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியமர்த்திய ஊர் முதலூர். பாளையங்கோட்டையில் இருந்த மிஷனரி ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கம் ஆரம்பித்ததும் இதே மாதிரி ஊர்களுக்கு நிலம் வாங்கத்தான். அந்த வரலாற்றைச் சொல்லி நூற்றாண்டு விழா எடுக்கிறோம். எடுத்துவிட்டுப் பத்திரத்தில் பாதி விலை எழுதுகிறோம். (முதலூர் என்றதும் மஸ்கோத் அல்வா ஞாபகம் வந்தவர்கள் கை தூக்குங்கள். எனக்கும்தான்.)

சரி, இப்போது சிப்பிராள்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த எபிரெயப் பெண்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடு என்று எகிப்து ராஜா பார்வோன் இரண்டு மருத்துவச்சிகளுக்கு உத்தரவு போடுகிறான். சிப்பிராள், பூவாள். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டதும் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘எபிரெயப் பெண்கள் உங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரி இல்லை ராஜா, நல்ல பலசாலிகள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்று முடித்துவிடுகிறார்கள்!’ பொய்யோடு பொய்யாக எகிப்துப் பெண்களுக்கு ஒரு குத்தும் வைத்துவிட்டார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பெயர் தெரிந்த இந்த இரண்டு பெண்களுக்கு எதிரே நிற்கிற பார்வோனுக்கு அந்தப் பகுதியில் பெயரே இல்லை என்பதையும் கவனியுங்கள். எரிகோவில் ராகாபும் இப்படித்தான். இஸ்ரவேல் ஒற்றர்களை மாடியில் சணல் தட்டைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, தேடி வந்த ராஜாவின் ஆட்களிடம் ‘அவர்கள் போய்விட்டார்கள், சீக்கிரம் துரத்துங்கள்’ என்று சொல்லி அனுப்பினாள். அவள் பெயர் இயேசுவின் வம்ச வரலாற்றிலேயே வருகிறது.

இதில் பெரியவர்களுக்குள் சண்டை உண்டு. பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் பொய்யைப் பற்றி மட்டுமே இரண்டு நூல் எழுதினார். பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, எட்டும் பாவமே என்றார். மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த பலன் அவர்கள் இரக்கத்துக்குத்தான், பொய்க்கு அல்ல என்பது அவர் பதில். நம்ம வள்ளுவர் இந்தப் பக்கம்: ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ நான் வள்ளுவர் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் பொய்யால் ஆபத்து யாருக்கு என்று பார்க்கவேண்டும். சிப்பிராள் மாட்டியிருந்தால் போவது அவள் தலை. சப்பீராள் மாட்டாமல் இருந்திருந்தால் கிடைப்பது அவளுக்குப் பெயர். நம்மில் முக்கால்வாசிப் பேர் சப்பீராள் பொய்யைச் சொல்லிவிட்டுச் சிப்பிராள் சர்ட்டிபிகேட்டைக் காட்டுகிறோம்.

சமாதானபுரத்தில் வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, ‘இந்தா, சுலோச்சன முதலியார் பாலம் ஏறிட்டேன்’ என்று போனில் சொல்கிற பொய் எந்தக் கணக்கு என்று கேட்பீர்கள். அது சோம்பேறிப் பொய். ஜங்ஷனில் வெயிலில் நிற்கிறவரிடம் அதைக் கேளுங்கள், அவர் வேறு பெயர் வைப்பார்.

எனக்கு அதைவிட உறுத்துவது, கிறிஸ்தவர்களுக்கென்றே உள்ள ஒரு பொய். ‘உங்களுக்காக ஜெபிச்சுக்கிட்டே இருக்கேன்.’ ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்வோம், வாட்ஸாப்பில் கைகூப்புகிற படத்தோடு அனுப்புவோம். அனுப்பியதும் மறந்துவிடுவோம். அந்த இடத்திலேயே கண்ணை மூடி இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டால் தீர்ந்தது. அதற்கு அரை நிமிஷம் ஆகுமா?

இன்னொன்று, கூட்டத்தில் எழுந்து ‘கடவுள் என்னை மாற்றினார்’ என்று சாட்சி சொல்கிற நேரம். ரட்சிக்கப்படுவதற்கு முன்னால் ‘கொஞ்சம் குடிப்பேன்’ என்று முதல் வருஷம் சொன்னவர், ஐந்தாவது கன்வென்ஷனில் சாராயக்கடையே நடத்தியதாகச் சொல்கிறார். கடவுளுக்கு மகிமை கூடட்டும் என்று கூட்டுகிறார்களாம்! அவருக்கு அந்த உதவி தேவைப்படுகிறதா?

வியாபாரத்தைத் தொடாமல் போனால் உடன்குடிப் பக்கத்து ஆட்கள் கோபிப்பார்கள். பதநீரைக் காய்ச்சாமல் சீனியைக் காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்பது இந்தப் பக்கத்துக்குத் தெரிந்த வேலை. உணவுப் பாதுகாப்புத் துறையினர் மூட்டை மூட்டையாகச் சீனியைப் பிடித்த செய்தியும் அவ்வப்போது வரும். உயிரைக் கொடுத்து மரம் ஏறுகிறவரின் சரக்கு விலை போகாமல் நிற்க, கலப்படச் சரக்கு முந்திக்கொள்கிறது. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்று நீதிமொழிகள் 11:1 சொல்வது இதைத்தான். தராசில் அரசு முத்திரை இருக்கும். கருப்பட்டியின் வயிற்றுக்குள் யார் முத்திரை போடுவது?

வாங்குகிறவர்கள் சிரிக்கவேண்டாம், நீங்களும் உண்டு. நீதிமொழிகள் 20:14: ‘கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான்; போய்விட்டபின்போ மெச்சிக்கொள்வான்.’ செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையில் போய் நின்று பாருங்கள். ‘என்னவே, ஆடு தீனியே எடுக்காது போலிருக்கே’ என்று உதட்டைப் பிதுக்கினவர், வண்டியில் ஏற்றியதும் மச்சானுக்குப் போன் போட்டு ‘ஆடா அது? யானைக்குட்டி!’ என்பார். எழுதினவர் ஏதோ ஒரு சந்தையில் நின்றுவிட்டு வந்துதான் எழுதியிருக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த வசனம் இது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறது.

கடைசியாக, ஏற்கனவே ஏமாற்றியாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்கிறவர்களுக்கு. மன்னிப்புக் கேட்டுக் கண்ணீர் விட்டால் முடிந்தது என்று லேவியராகமம் விடவில்லை. ஆறாம் அதிகாரத்தில் கணக்கு இருக்கிறது: ஏமாற்றி எடுத்த முதலைத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடு. அதாவது முதலுக்கு மேல் 20 சதவீதம். அதைக் கொடுக்கவேண்டியது ஏமாந்தவன் கையில், உண்டியலில் அல்ல. பலி செலுத்துவதெல்லாம் அதற்கு அப்புறம். வரி வசூலித்த சகேயு இன்னும் ஒரு படி மேலே போய், நாலு மடங்கு தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். அந்தக் கணக்கில் ஏலப் பாக்கி மூவாயிரத்துக்கு எவ்வளவு வரும் என்று கமெண்டில் போடுங்கள். லேவியராகமக் கணக்கா, சகேயு கணக்கா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த வீடியோவில் யாக்கோபு வருகிறார்: கண் தெரியாத அப்பாவை ஆட்டுத்தோல் போர்த்தி ஏமாற்றியவரை, மாமனார் பெண்ணையே மாற்றி வைத்து ஏமாற்றிய கதை.