குப்பை அள்ளும் கை

வணக்கம். விண்வெளிப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வு செய்கிறவருக்கு அன்றாடம் என்ன வேலை என்று கேட்டு என்னை அழைத்தீர்கள். பெரும்பாலும் வாசிப்புதான். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையைத் திரும்பத் திரும்ப வாசிப்பது.

அதன் நான்காம் பிரிவு, அணு ஆயுதங்களையும் மற்றப் பேரழிவு ஆயுதங்களையும் பூமியின் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது என்கிறது. சரி, சாதாரண ஆயுதங்கள்? அங்கே அவற்றுக்குத் தடை இல்லை. தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் சொந்தச் செயற்கைக்கோளையே உடைத்தால்? அதையும் உடன்படிக்கை நேரடியாகத் தடுக்கவில்லை. 2007-இல் சீனா அப்படி உடைத்ததில், கண்காணிக்கும் அளவுக்குப் பெரிய துண்டுகளே 3,000-க்கு மேல் சிதறின. 2021 நவம்பரில் ரஷ்யா உடைத்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் விண்கலங்களுக்குள் போய் ஒதுங்கினார்கள். அவர்களில் ரஷ்யர்களும் இருந்தார்கள்.

என்னை இந்தத் துறையிலேயே பிடித்து வைத்தது எட்டாம் பிரிவு. செயலிழந்த செயற்கைக்கோளும் அதைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்திலேயே இருக்கும். குப்பைதானே என்று இன்னொரு நாடு அனுமதியில்லாமல் அள்ள முடியாது. அது நியாயமும்கூட. செத்த செயற்கைக்கோளைப் பிடிக்கும் இயந்திரக் கை, உயிரோடு இயங்குவதையும் பிடிக்கும். அப்புறம் எதை ஆயுதம் என்று எழுதித் தடை செய்வது?

அதனால்தான் பொருளை விட்டுவிட்டு நடத்தையைப் பற்றி எழுதுவோம் என்ற பேச்சு வலுத்தது. பிரிட்டன் முன்னெடுத்த தீர்மானத்தை 2020-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றது. 2022 டிசம்பரில், செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளை நடத்த வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு 155 நாடுகள் வாக்களித்தன. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. நாடுகள் கடமையென்று நினைத்துத் தொடர்ந்து நடந்துகொண்டால், அதுவே வழக்காறாகிப் பிறகு சட்டமாகிறது.

இந்த வழிக்கு வர நினைக்கும் சட்ட மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொறியாளர்களோடு உட்காருங்கள். சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் சிதறும் துண்டுகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் விழுந்துவிடும். 860 கிலோமீட்டரில் சிதறுபவை பல பத்தாண்டுகள் சுற்றும். இது தெரியாமல், ஒன்பதாம் பிரிவு பிற நாடுகளின் நலன்களுக்குத் தரச் சொல்லும் 'உரிய மதிப்பு' பற்றி ஒரு வரிகூட உருப்படியாக எழுத முடியாது.

அடுத்த நாட்டின் செயற்கைக்கோளை எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம், எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் எண் எதுவும் இன்னும் இல்லை. இப்போது என் மேசையில் இருக்கும் வரைவு அதைப் பற்றியதுதான்.