வெறும் 2 மில்லிமீட்டர்… கார் குணமே மாறிடும்! பழைய போர்ஷே 911 சஸ்பென்ஷன் அப்கிரேடு

(திரையில்: கையில ரெண்டு இரும்புக் கம்பி)

இது 19 மில்லிமீட்டர் கம்பி, இது 21. தூரத்துல நின்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்னு சத்தியமே பண்ணுவீங்க. பழைய 911ல முன்பக்கம் இதைக் கழட்டிட்டு இதை மாட்டினா ஸ்பிரிங் எவ்ளோ இறுகும்? பத்து பர்சன்ட்? இருபது? கெஸ் பண்ணி கமென்ட்ல போட்டுட்டு வாங்க, ஏமாத்தக் கூடாது.

கிட்டத்தட்ட 49 பர்சன்ட்! விளம்பரம் இல்ல பாஸ், கணக்கு. முறுக்குற கம்பியோட விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். அதே 19ஐ 22 ஆக்கினா 80 பர்சன்ட். இன்னைக்கு வீடியோ பூரா இந்த ஒரு கணக்கச் சுத்திதான் ஓடப் போகுது, ஏன்னா நிறைய பேர் "தடியா இருந்தா நல்லதுதானே"ன்னு கம்பிய வாங்கி மாட்டிட்டு கார் கட்டாந்தரை மாதிரி ஆயிடுச்சேன்னு அப்புறம் பொலம்புறாங்க.

பேக்ரவுண்ட் சட்டுன்னு முடிச்சிடறேன். 1964ல இருந்து 1989 வரைக்கும் வந்த பழைய 911ல காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான், அதாவது நான் கையில வச்சிருக்கற இந்த முறுக்குற கம்பி. அப்புறம் வந்த 964ங்கற 911 மாடல்ல காயில் வந்துடுச்சு. ஹிஸ்டரி ஓவர்.

வேலை எப்படின்னா, வீல் மேல எழும்பும்போது வீலத் தாங்கற ஆர்ம் கம்பிய ஈரத் துணி பிழியற மாதிரி முறுக்கும், துணி அப்படியே கிடக்கும், கம்பி திரும்பி வரும், அவ்ளோதான் ஸ்பிரிங். முறுக்கு விசையத் தாங்கறது பெரும்பாலும் கம்பியோட வெளிச் சுத்துதான், நடுவுல இருக்கற இரும்பு சும்மா ஓசி சாப்பாடு. அதனால உள்ள பாதி விட்டத்துக்கு ஓட்ட போட்டா எடை கால்வாசி குறையும், விறைப்பு பதினாறுல ஒரு பங்குதான் குறையும். ஹாலோ பார்னு விக்கிறது இந்த ஓட்டையத்தான்!

(திரையில்: 911 பின்பக்கம், இன்ஜின் இருக்கற இடம் வட்டம் போட்டு)

இந்தக் கார்ல இன்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னாடி தொங்குது, எடை முன்ன 40, பின்ன 60 பக்கம். வளைவுக்கு நடுவுல பயந்து போய் ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தீங்கன்னா எடை முன்னாடி சாயும், பின் டயர் பிடி விடும், வால் முன்னாடி வந்து வணக்கம் சொல்லும். ஆரம்ப கார்கள்ல இதை அடக்க போர்ஷே என்ன பண்ணாங்க தெரியுமா? முன் பம்பருக்குள்ள ரெண்டு ஓரத்துலயும் 11 கிலோ இரும்பு! ஸ்போர்ட்ஸ் கார்ல வேணும்னே 22 கிலோ வெயிட், செம்ம கூத்து. அப்புறம் 1969 மாடல்ல பின் வீல பின்னாடி தள்ளி வீல்பேஸ 57 மில்லிமீட்டர் கூட்டினாங்க, அதுதான் ஒழுங்கான வைத்தியம்.

இதனாலதான் பின் கம்பிய மட்டும் தடியாக்கிட்டு வராதீங்கன்னு சொல்றேன். பின்பக்கம் மட்டும் இறுகினா பின்பக்கம்தான் மொதல்ல வழுக்கும். முன்ன 21, பின்ன 27, இதுதான் ரோடும் டிராக்கும் ரெண்டுக்கும் பரவலா போடற ஜோடி. எண்பதுகளோட கடைசி கார்ல பின் கம்பி ஏற்கனவே 25, அதனால 27க்குப் போனா 36 பர்சன்ட்தான் கூடும், ஆனா பழைய 23 இருந்தா 90 பர்சன்ட்! ஒரே பார்ட் நம்பர், ரெண்டு கார்ல ரெண்டு குணம். உங்க கார்ல இப்ப என்ன சைஸ் இருக்குன்னு அளந்து பாக்காம ஆர்டர் போடாதீங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ்.

(திரையில்: பின் டார்ஷன் பாரோட ரெண்டு முனையும் கிட்டத்துல)

பின் கம்பியோட ரெண்டு முனைலயும் பல்லு இருக்கு பாருங்க. எண்ணிப் பாத்தா உள் முனைல 40, வெளி முனைல 44. என்னடா இது, தப்பா வெட்டிட்டாங்களான்னு தோணும். இல்ல! 40 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 9 டிகிரி, 44ன்னா ஒரு பல்லுக்கு 8.18 டிகிரி. உள் முனைய ஒரு பல்லு இந்தப் பக்கம் தள்ளி, வெளி முனைய ஒரு பல்லு அந்தப் பக்கம் தள்ளினா மிச்சம் 0.82 டிகிரி, ஒரு டிகிரி கூட முழுசா இல்ல. வெறும் பல்லை வச்சே வெர்னியர் ஸ்கேல் பண்ணி கார் உயரத்த செட் பண்ண விட்டிருக்கான், ஸ்கூல்ல வெர்னியர் எதுக்குடான்னு கேட்டோமே, இதுக்குத்தான்டா! பின்னாடி வந்த மாடல்கள்ல கம்பியோட வெளி முனை மாட்டற ஸ்பிரிங் பிளேட்ல எக்சென்ட்ரிக் போல்ட், அதாவது நடு விலகின போல்ட் வச்சு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்ட ஈஸி பண்ணிட்டாங்க, வசதிதான், ஆனா கிக்கு இல்ல.

மாட்டும்போது ரெண்டு விஷயம். கம்பி முனைல எல், ஆர்னு குறி இருக்கும், இடம் வலம் மாத்தக் கூடாது, ஏன்னா அது முறுக்கப்படற திசைக்கு ஏத்த மாதிரி முன்னாடியே முறுக்கி எடுத்தது. அப்புறம் பெயின்ட்ல கீறல் விழக் கூடாது, அதுல துரு பிடிச்சா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும், நகக் கீறல் அளவு கூட எனக்கு ஒத்துக்காது.

ஷாக் அப்சார்பர்: தடி கம்பிக்கு பழைய ஷாக் பத்தாது, ரீபவுண்ட, அதாவது ஸ்பிரிங் திரும்பி எழும்பறத அடக்க முடியாம கார் தத்தளிக்கும், ரீவால்வ் பண்ணுங்க, அதாவது உள்ள இருக்கற வால்வ மாத்தி இறுக்குங்க. புஷ், அதாவது இணைப்புகள்ல இருக்கற ரப்பர் வளையம்: காஞ்சு போன ரப்பர மாத்தாம கம்பி மாத்தறது வேஸ்ட்.

கார இறக்கறீங்கன்னா முன்னாடி டை ராடோட, அதாவது ஸ்டீரிங்கையும் வீலையும் இணைக்கற கம்பியோட கோணம் கெட்டுடும், மேடு ஏறினா ஸ்டீரிங் தானா இழுக்கும், அதான் பம்ப் ஸ்டீர். ஸ்டீரிங் ரேக்குக்கு அடியில ஸ்பேசர் வச்சா பெரும்பாலும் அடங்கும், சின்ன துண்டு, பெரிய நிம்மதி.

"அண்ணா, டார்ஷன் பார தூக்கிப் போட்டுட்டு காயில்ஓவர் மாட்டலாமா?" மாட்டலாம் தம்பி, காயில்ஓவர்னா ஷாக் மேலயே காயில் ஸ்பிரிங் உக்காந்திருக்கறது, போர்ஷேவோட 935 ரேஸ் கார்லயே காயில்தான். ஆனா உங்க கார்ல ஷாக் மாட்டற இடம் ஷாக்க மட்டும் தாங்க செஞ்சது, காரோட எடைய தாங்க செஞ்சது இல்ல. வெல்டிங் பண்ணி பலப்படுத்தாம அங்க ஸ்பிரிங்க உக்கார வச்சா பாடில விரிசல் வர சான்ஸ் இருக்கு. ரோட்டுலயும் ஓட்டற காருக்கு எதுக்கு இந்த வம்புன்னுதான் நான் கேப்பேன்.

(திரையில்: நாலு வீலுக்கும் அடியில தராசு)

கடைசி வேலை கார்னர் பேலன்ஸ். டிரைவர் சீட்ல உங்க எடைக்கு மூட்டைய வைங்க, ரெண்டு பக்க வீலையும் இணைச்சு கார் சாயாம பிடிக்கற ஆன்டி ரோல் பாரோட லிங்க்க கழட்டி விடுங்க, நாலு வீலயும் தராசு மேல ஏத்துங்க. ஒரு மூலைய கொஞ்சம் உயர்த்தினா அந்த மூலைலயும் அதுக்குக் குறுக்க இருக்கற மூலைலயும் எடை கூடும். குறுக்கு ஜோடி ரெண்டும் 50, 50க்கு பக்கத்துல வர்ற வரைக்கும் உயர அட்ஜஸ்ட்மென்ட்ட திருகிட்டே இருக்கணும். இது சரியா இல்லன்னா கார் இடப்பக்க வளைவுல ஒரு மாதிரி, வலப்பக்க வளைவுல வேற மாதிரி திரும்பும், நீங்க பாவம் டயர திட்டிட்டு இருப்பீங்க.

முன்ன 22, பின்ன 28 கம்பி போட்டுட்டு அதையே தினமும் ரோட்டுலயும் ஓட்டற ஆளு யாராவது இருந்தா கமென்ட்ல வாங்க, உங்க முதுகு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அப்படியே அந்த சப்ஸ்கிரைப் பட்டனையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க.