டிஸ்க் போகவில்லை, வயரைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. நம் கடற்கரை ஊர்களில் கல்யாண வீடியோவை இப்போது யாரும் சிடியில் வாங்குவதில்லை. பென் டிரைவ், இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க். வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகளும் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவருகிறார்கள். டிஸ்க் ஊர் வந்து சேர்ந்துவிடும், வயர் அங்கேயே கிடக்கும். அப்புறம் ஆரம்பிக்கிறது சிக்கல்.

பின் பொருந்தவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இதை இன்று நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் டிஸ்க் இருந்தால் எடுத்து, வயர் செருகும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பலவற்றில் அது அகலமாக, தட்டையாக, நடுவில் ஒரு பிளவோடு இரண்டு துண்டாக இருக்கும். மைக்ரோ பி என்பார்கள். 2008-ல் வந்த யுஎஸ்பி 3.0 என்ற வேகமான இணைப்போடு வந்தது. அந்த இரண்டு துண்டில் அகலமான பக்கம், பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த அதே சின்ன பின்னுக்கானது. அதனால் பழைய போன் வயர் அந்தப் பாதியில் அழகாக உட்காரும். டிஸ்க் ஓடவும் செய்யும், வேகம் மட்டும் குறையும்.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு உம்மா. மகள் நிக்காஹ் வீடியோ இருந்த டிஸ்க்கைத் துபாயிலிருந்து கொண்டுவந்த மருமகன் வயரை விட்டுவிட்டு வந்துவிட்டார். பேரன் கெட்டிக்காரன், சார்ஜர் வயரைப் பாதியில் செருகிவிட்டான். லைட் எரிந்தது, கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. கடையில் காட்டினால், டிஸ்க் போச்சு, உள்ளே இருப்பதை எடுக்க ஆயிரக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது உம்மா அதைத் துப்பட்டா நுனியில் முடிந்து வைத்திருந்தார். வீட்டில் கிடந்த பழைய கேமரா வயரைக் கேட்டு வாங்கிச் செருகினேன். திறந்துவிட்டது! நூறு ஜிபி, காப்பியாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், சரியான வயர் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும் என்றேன். வீடியோவில் மௌத்தாகிவிட்ட அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்று பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே உம்மா சொன்னார்: "மெதுவா வரட்டும் தம்பி. அவுக எதுக்கு அவசரப்பட்டிருக்காக?"

ஒரே வாய், ஒரே அளவு, ஒரு வயர் வேலை செய்கிறது, இன்னொன்று செய்யவில்லை. ஏன்? சார்ஜுக்கென்றே மலிவாக விற்கும் வயர்கள் சிலவற்றில் உள்ளே இரண்டே கம்பி, கரண்ட் மட்டும்தான் போகும். படம், பாட்டு, கோப்பு போக இன்னும் இரண்டு கம்பியாவது வேண்டும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதை விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். உறையில் "சார்ஜுக்கு மட்டும்" என்று நாலு எழுத்து அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? கடையில் "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்குங்கள், அங்கேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. படகு எஞ்சினைப் போல, கிளம்பும்போதுதான் அதற்கு அதிக பலம் வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 வாய் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 வாய் 900 தரும். பலம் போதாவிட்டால் டிக், டிக் என்று சத்தம் வரும். போனில் ஓடிஜி என்ற குட்டி இணைப்பான் போட்டு டிஸ்க்கைச் செருகுகிறவர்களுக்கு இது பழக்கமான சத்தம். அப்போதும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உடனே கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் வேறு வாயில், குட்டையான வயரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

புது லேப்டாப்பில் டைப்-சி வாய் மட்டும் இருந்தால் சின்ன அடாப்டர் போதும். ஆனால் எதையும் அழுத்தித் திணிக்காதீர்கள். அந்த வாய் பலகையில் ஈயம் வைத்து ஒட்டியது, பெயர்ந்தால் அதுதான் உண்மையான செலவு.

மண்டபம், பாம்பன் பக்கம் உப்புக்காற்றில் பின் களிம்பு பிடிப்பதைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். சுருக்கமாக: வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய்ச் சேரும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். அப்புறம், ஸ்டுடியோவில் மேக் கம்ப்யூட்டரில் தயாரான டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால், ஃபார்மேட் செய்யட்டுமா, அதாவது உள்ளே இருப்பதை அழித்துவிடட்டுமா என்று கேட்கும். கேன்சலை அழுத்துங்கள், ஸ்டுடியோவிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். மீனவர்களுக்கான வானிலை அறிக்கை காத்திருக்கிறது, எழுந்துகொள்கிறேன். வணக்கம்.